சட்டத்தின் பல் எங்கே இருக்கிறது?

பருவநிலை மாற்றத்தை எதிர்க்கச் சட்டம் செய்வது இப்போது பல தேசங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால், 2050-இல் இன்ன நிலையை எட்டுவோம் என்று பிரகடனம் செய்யும் சட்டம், அதை இயற்றிய மந்திரியை அவர் பதவிக்காலத்திலேயே எதற்கேனும் பதில் சொல்ல வைக்கிறதா என்று கேட்பவர் சிலரே.

ஜெர்மனி 2019-இல் இயற்றிய பருவநிலைப் பாதுகாப்புச் சட்டம், வெப்பத்தைச் சிறைப்படுத்தும் வாயுக்களை 1990-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030-க்குள் 55 சதவீதம் குறைக்க வேண்டுமென விதித்து, போக்குவரத்து, கட்டடம், தொழில், விவசாயம் முதலிய துறைகளுக்குத் தனித்தனியே உச்சவரம்பும் வகுத்தது. அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றி மட்டும் அது தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை. வட கடலிலுள்ள பெல்வோர்ம் என்னும் தீவைச் சேர்ந்தோர் உட்பட இளைஞர் பலரும், வங்காளதேசம், நேபாளம் ஆகிய தூரதேசத்தார் சிலரும் வழக்குத் தொடுக்க, கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள அரசியல் சாசன நீதிமன்றம், இக்குறையால் சட்டத்தின் ஒரு பகுதி சாசனத்துக்கு முரணானதென 2021-இல் தீர்ப்பளித்தது. 55 சதவீதம் போதாது என்று நீதிபதிகள் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தேசம் இனி வெளியிடத்தக்க கரியமில வாயுவுக்கு ஓர் எல்லை உண்டு. அதில் பெரும்பங்கை 2030-க்குள்ளேயே செலவிட்டுவிட்டால், தகப்பன் பட்ட கடனைப் பிள்ளை அடைப்பதுபோல், பின்வரும் சந்ததியார் தம் பிரயாணம், தொழில், வீடு ஆகிய சகல காரியங்களிலும் திடீரெனக் கடுமையான கட்டுப்பாடுகளைச் சுமக்க நேரும். ஆகவே இன்றைய தாராளம் அவர்களுடைய சுதந்திரத்தின்மீது கை வைப்பதாகும் என்பதே நீதிபதிகள் கண்ட நியாயம்.

திருத்துவதற்கு 2022 முடிவு வரை அவகாசம் இருந்தும், தேர்தல் வருஷமாதலால் போலும், பாராளுமன்றம் சில வாரங்களிலேயே முந்திக்கொண்டது: 2030-க்கு 65 சதவீதம், 2040-க்கு 88, வெளியிடும் வாயுவும் உறிஞ்சப்படும் வாயுவும் ஈடாகும் முழுச் சமநிலை 2050-க்குப் பதிலாக 2045-இல்.

என் அபிப்பிராயத்தில், அச்சட்டத்தின் பல் இவ்வெண்களில் இல்லை. ஒரு துறை தன் வரம்பை மீறினால், அதற்குரிய அமைச்சகமே மூன்று மாதங்களுக்குள் அவசரத் திட்டத்தோடு வந்து நிற்க வேண்டும் என்ற ஷரத்தில்தான் அது இருந்தது. மீண்டும் மீண்டும் வரம்பை மீறிய போக்குவரத்துத் துறையின் மந்திரி, சட்டத்தைத் தளர்த்தாவிடில் வார இறுதிகளில் மோட்டார் ஓட்டவே தடை விதிக்க நேரிடும் என்று 2024-இல் ஜனங்களைப் பயமுறுத்தினார். அவ்வாண்டே சட்டம் தளர்ந்தது. லட்சியங்கள் ஓர் அட்சரமும் மாறவில்லை. துறைவாரிக் கடமைதான் போயிற்று. தொடர்ந்து இரண்டு வருஷக் கணிப்புகள் மொத்த அளவு மீறப்படும் என்று காட்டினால், அப்போது அரசாங்கம் முழுவதுமாகக் கூடி யோசித்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றாயிற்று. அப்படிக் கூடி யோசிக்கும்போது எந்த மந்திரியை நோக்கி விரல் நீட்டுவது? இத்தளர்வை எதிர்த்துச் சுற்றுச்சூழல் சங்கங்கள் 2024 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தில் புதிய வழக்குகளைத் தொடுத்தன.