அட்டைவழிப் பணமும் பனியன் வணிகரும்

திருப்பூர்ப் பனியன் தொழிலின் முன்னோடிகளைப் பற்றிப் பேசுவோர் குலாம் காதர் என்னும் வணிகரின் பெயரை முதலிற் குறிப்பிடுவது வழக்கம். அக்காலந்தொட்டு நூல், சாயம், கட்டிங், தையல், பேக்கிங் எனத் தொழிலின் ஒவ்வொரு கூறும் மாறிவந்துள்ளது. மாறாதது ஒன்று உண்டு, அது வசூல். சரக்கை லாரியில் ஏற்றிவிட்டு அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று காத்திருப்பதும், கைக்கு வந்த காசோலை வங்கியிலிருந்து திரும்பி வருவதும் உள்நாட்டு வணிகர் நன்கறிந்த துன்பங்கள். காசோலை பணமின்றித் திரும்புவதைக் குற்றமாக்கும் 138ஆம் பிரிவு 1989ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது உண்மையே. ஆயினும் வழக்குமன்ற வாயிலில் நெடுங்காலம் நிற்பதற்குச் சிறு வணிகரிடம் பொழுதேது, பொருளேது?

இன்று காதர்பேட்டையில் ஒரு சிறு கடையோ, வீட்டு மாடியில் நான்கு தையல் எந்திரங்களோ வைத்திருப்போரும் தமக்கென ஓர் இணையக் கடையைத் திறந்து, முகமறியாதவர்க்குச் சரக்கு விற்கின்றனர். நம் மாணவர் சிலரும் படிப்புக்கிடையே இதனைச் செய்வதை நாம் அறிவோம். வாங்குவோர் கடன் அட்டையின் எண்ணை இட்டதும், 'பணம் செலுத்தப்பட்டது' என்னும் செய்தி வணிகரின் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அச்செய்தியைப் பணமாகவே கொள்ளலாமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கடன் அட்டை சிறு வணிகரை நோக்கியே வளர்ந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1958இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து ஃபிரெஸ்னோ நகரில், பேங்க் ஆஃப் அமெரிக்கா ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் கேளாமலேயே, அஞ்சலில் அட்டைகளை அனுப்பியது. பிற்காலத்தில் விசா எனப் பெயர் பெற்றது அதுவே. அந்நகரின் சிறு கடைக்காரர்கள் விற்பனைத் தொகையில் நூற்றுக்கு ஆறு வரை வங்கிக்கு விட்டுக்கொடுக்க இசைந்தனர். கடன் கணக்கு எழுதுவது, நினைவூட்டுக் கடிதம் அனுப்புவது, வாராக் கடனைச் சுமப்பது ஆகிய தொல்லைகள் அனைத்தையும் வங்கியின் தோளுக்கு மாற்றும் விலையாகவே அவர்கள் அக்கழிவைக் கருதினர். ஆகவே அட்டைக் கட்டணம் என்பது வசூல் தொல்லையிலிருந்து விடுபடத் தரும் கூலி. இக்கண்ணோட்டத்தில் நோக்கினால்தான் அது மிகையா, குறைவா என்று நம்மால் கணக்கிட இயலும்.

பணம் செல்லும் வழியைச் சுருங்கக் கூறுவோம். வாங்குபவருக்கு அட்டை வழங்கிய வங்கி ஒரு முனை. வணிகருக்காகப் பணம் பெறும் வங்கி மறுமுனை. இரண்டையும் இணைப்பவை விசா, மாஸ்டர்கார்டு, ரூபே முதலிய வலையமைப்புகள். சிறு வணிகர் இவற்றோடு நேரே பேசுவதில்லை. பேமென்ட் அக்ரிகேட்டர் எனப்படும் இடைநிலை நிறுவனம் பல்லாயிரம் சிறு கடைகளைத் தன்கீழ்ச் சேர்த்துக்கொண்டு இவ்வேலையைச் செய்கிறது. இந்நிறுவனங்கள் வணிகரின் பணத்தைத் தம் சொந்தப் பணத்தோடு கலவாமல், வங்கியில் தனியான எஸ்க்ரோ கணக்கில் வைக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் விதி வகுத்தது. இசைவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலையும் அவ்வங்கி வெளியிடுகிறது. குறைந்த கட்டணம் என்று ஆசை காட்டுபவரிடம் சேருமுன் அப்பட்டியலில் அவர் பெயர் உள்ளதா என்று பார்ப்பது முதற்கடமை.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு டி-சர்ட்டின் விலை 300 ரூபாய். துணி முதல் கூரியர் வரை அடக்கம் 270 ரூபாய் என்று கொள்வோம். கட்டணம் நூற்றுக்கு 2 எனில் 6 ரூபாய். ஆக 30 ரூபாய் இலாபத்தில் 6 ரூபாய் கழிகிறது. எஞ்சுவது 24 ரூபாய். விற்பனையில் இரண்டு விழுக்காடு என்று கேட்கும்போது அற்பமாகத் தோன்றுவது இலாபத்தில் ஐந்திலொரு பங்காகிவிடுகிறது! உள்நாட்டு வாடிக்கையாளர் யு.பி.ஐ. வழியாகத் தம் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தினாலோ, ரூபே டெபிட் கார்டு வழியாகச் செலுத்தினாலோ, 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணம் இல்லை. எனவே அவ்வழிகளை முதலிலும் கடன் அட்டையை அடுத்தும் காட்டுவது நன்று.

ஆனால் கட்டணத்தைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. சார்ஜ்பேக் என்னும் முறையீட்டின் வழியே, செலுத்திய பணத்தை வாங்குபவர் தம் வங்கி மூலம் திரும்பப் பெறலாம். சரக்கு வரவில்லை, வந்தது படத்தில் கண்டதன்று, அட்டையைப் பயன்படுத்தியது நானே அல்லேன் என்பன பொதுவான காரணங்கள். பலவகை முறையீடுகளுக்கு 120 நாள்வரை இடமுண்டு. தொண்ணூறு நாள் கடனுக்கு அஞ்சி அட்டைக்கு வந்தவர், அதனினும் நீண்ட காலம் தம் பணம் முற்றிலும் உறுதியாகாத நிலையில் இருக்கிறார்! மேற்சொன்ன கணக்கில் ஒரு டி-சர்ட்டும் பணமும் இரண்டும் போயின எனில், அவ்விழப்பை ஈடுசெய்யப் பன்னிரண்டு டி-சர்ட்டுகளின் இலாபம் வேண்டும். முறையீட்டுக்கெனத் தனிக் கட்டணமும் பிடிக்கப்பட்டால் இன்னும் கூடும்.

பின்னலாடையில் இவ்வழக்குகள் எழுவதற்குத் தனிக் காரணங்கள் உள. 'எல்' என்னும் அளவு ஒரு கம்பெனிக்கு ஒருவிதம், மற்றொன்றுக்கு வேறுவிதம். ஆகவே எழுத்தை மட்டும் போடாமல் மார்பளவையும் உயரத்தையும் அங்குலத்தில் குறிக்கவேண்டும். துணியின் ஜி.எஸ்.எம். என்ன, துவைத்தபின் எவ்வளவு சுருங்கும், ஒரு சாய லாட்டுக்கும் மறு லாட்டுக்கும் நிறம் சற்று வேறுபடுமா என்பனவற்றையும் எழுதிவிடவேண்டும். செகண்ட்ஸ் சரக்கை விற்பதில் இழிவில்லை. காதர்பேட்டையின் பெயரே அதனால் பரவியது. அதை முதல்தரம்போற் படமெடுத்து விற்பதே தவறு. முறையீடு வந்தால் தோற்பதும் உறுதி. கூரியர் ரசீது, ஒப்படைத்தமைக்கான சான்று, பொட்டலமிடும்போது எடுத்த படம், வாடிக்கையாளரோடு நடந்த எழுத்துப் பரிமாற்றம் ஆகியவற்றைக் குறைந்தது ஆறு திங்கள் காத்துவைத்தல் வேண்டும். குறித்த நாளுக்குள் சான்று காட்டாதவர், நியாயம் தம் பக்கம் இருப்பினும் பணத்தை இழப்பர். கடனை எழுதிவைக்கும் கடமையைக் கூறும் வசனமே திருமறையில் மிக நீண்டது என்பதை அறிந்த சமுதாயத்திற்கு இது புதிய பாடமன்று.

இந்திய அட்டைகளுக்கு இணையவழிச் செலுத்துகையில் கூடுதல் அடையாளச் சோதனை 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாயிற்று. ஓ.டி.பி. கேட்பது இதனாலேயே. 'நானல்லேன்' என்னும் வகை முறையீடு இதனால் வெகுவாகக் குறைகிறது. 'சரக்கு சரியில்லை' என்னும் வகைக்கோ இது காப்பாகாது. மேலும் 2022 அக்டோபர் முதல் வணிகர் எவரும் வாடிக்கையாளரின் முழு அட்டை எண்ணைச் சேமித்துவைக்கலாகாது. வாட்சப்பில் எண்ணைக் கேட்டுப் பெறுவதும், நோட்டில் குறித்துவைப்பதும் அறவே கூடா.

பெரியோர் சிலர் நம்மிடம் வட்டி பற்றி வினவியதுண்டு. வாங்குபவர் தவணை தவறினால் தம் வங்கிக்குச் செலுத்தும் வட்டி வேறு. வணிகர் தரும் சேவைக் கட்டணம் வேறு. 2000 செப்டம்பரில் ரியாதில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை, வட்டி நிபந்தனையுள்ள கடன் அட்டையை ஆகாதெனக் கூறியது. ஆயினும் வணிகரிடம் வங்கி பெறும் கழிவை, ரொக்க விலைக்கே அட்டைக்கும் சரக்கு விற்கப்படவேண்டும் என்னும் வரையறையோடு ஏற்றது. வாடிக்கையாளரின் அட்டையில் வட்டி நிபந்தனை இருக்கையில் வணிகர் அதனை ஏற்பது எத்தகையது என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. ரொக்கத்திற்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை என்று வைப்போர் அந்த வரையறையைச் சிறிது எண்ணிப்பார்க்கலாம்.

வெளிமாநிலத்திற்குப் பனியன் விற்போர் விற்றுமுதல் எவ்வளவாயினும் ஜி.எஸ்.டி. பதிவு பெறவேண்டும், கடல் கடந்து அனுப்புவோருக்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண்ணும் தேவை. பினாங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒரு தமிழர் அட்டைவழிப் பணம் செலுத்தி ஐம்பது உருப்படி கேட்கும்போது மகிழ்ச்சி பெருகுவது இயல்பு. எனினும் வெளிநாட்டு அட்டைகள் எல்லாவற்றிலும் ஓ.டி.பி. சோதனை நிகழ்வதில்லை, கட்டணமும் உள்நாட்டு அட்டையைவிட மிகுதி. பெயரும் முகவரியும் ஒத்துள்ளனவா என்று பார்த்து, ஒருமுறை தொலைபேசியில் பேசி, முதலில் பத்து உருப்படி அனுப்பி, எஞ்சியதை அது போய்ச் சேர்ந்தபின் அனுப்புவதாகச் சொல்லிப்பார்க்கலாம். உண்மையான வாடிக்கையாளர் அதற்கு மறுப்பது அரிது.