பேரிடருக்குப் பின் பள்ளி: முதலில் குழந்தைகளைக் கணக்கெடுப்போம்

நம் மாநிலம் சந்தித்த பெரும் பேரிடர்களின் தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னைப் பெருவெள்ளம். 2018 நவம்பர் 16 கஜா புயல். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். அதே மாதம் 17, 18 தேதிகளில் தென்மாவட்ட வெள்ளம். அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் அதிகமான மழை பதிவானது. இவை அனைத்தும் அரையாண்டுத் தேர்வை ஒட்டிய வாரங்களில் வந்தவை. பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களே மீதமிருக்கும் நேரம் அது. எனவே, அவசரகாலக் கல்வி நமக்கும் உரிய பாடமே.

உணவு, உடை, உறைவிடம் போலக் கல்வியும் நிவாரணத்தின் ஒரு பகுதி என்பது இன்று உலக அளவில் ஏற்கப்பட்ட கருத்து. அவசர நிலைகளில் கல்விக்கான பன்னாட்டு வலையமைப்பு இதற்கான குறைந்தபட்சத் தரங்களை 2004இல் வெளியிட்டது. யுனிசெஃப், சேவ் த சில்ட்ரன் ஆகிய இரு அமைப்புகளும் இணைந்து வழிநடத்தும் உலகளாவிய கல்வி ஒருங்கிணைப்புக் குழுமம் 2007இல் தொடங்கப்பட்டது. தேவையை அறிந்து செயல்படுதல், ஒருங்கிணைந்து செயல்படுதல் ஆகிய இரண்டுக்கும் அந்தத் தரங்கள் முதன்மை இடம் தருகின்றன. இவ்விரண்டும் இல்லையென்றால் பிரதான சாலையோரப் பள்ளியில் நோட்டுப் புத்தகங்கள் குவியும். உள்ளே நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கு எதுவும் போய்ச் சேராது.

பொருளுக்கு முன் குழந்தை

உதவ வருபவர்கள், "எத்தனை பை வேண்டும்? எத்தனை நோட்டு வேண்டும்?" என்றுதான் கேட்பார்கள். நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "யார் வரவில்லை?" என்பது. இதற்கான கருவி நம் கையிலேயே இருக்கிறது. அதுதான் வருகைப் பதிவேடு. அது நனைந்து போயிருந்தாலும் எமிஸ் தளத்தில் பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இந்த ஐந்தில் ஒன்றைக் குறித்தால் போதும்: வீட்டில், முகாமில், உறவினர் ஊரில், வேலைக்குச் சென்றுவிட்டார், தகவல் இல்லை.

கடைசி இரண்டும்தான் மிக அவசரமானவை. கஜா புயலில் டெல்டாவின் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. புதிதாக நட்ட கன்று காய்க்கவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அத்தகைய குடும்பத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் அப்பாவுடன் வெளியூர் வேலைக்குப் போகலாம். மாணவிக்கு அவசரமாக மாப்பிள்ளை பார்க்கலாம். கட்டடச் சேதப் பட்டியல் எதிலும் இந்த இழப்பு வராது. வகுப்பாசிரியர் ஒருவரால்தான் இதைக் கண்டறிய முடியும்.

அடுத்து, பள்ளியின் நிலை. சுவரும் மின் இணைப்பும் பாதுகாப்பாக உள்ளனவா? குடிநீர், கழிப்பறை, சத்துணவுக் கூடம் பயன்படுத்தும் நிலையில் உள்ளனவா? கழிப்பறை இல்லையென்றால் வளரிளம் மாணவிகளின் வருகை உடனே குறையும். பாடநூல், சீருடை, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ் இழந்தவர்கள் யார் யார்? தம் வீட்டுக் கூரையையே இழந்த ஆசிரியர்கள் எத்தனை பேர்? அவர்களும் பாதிக்கப்பட்டவர்களே.

இந்தக் கணக்கை ஒருமுறை எடுத்தால் போதாது. முதல் மூன்று நாள்களில் ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, ஜனவரியில் பள்ளி திறந்ததும் ஒருமுறை எடுக்கலாம். முதல் வாரத்தில் வந்த குழந்தை மூன்றாம் வாரத்தில் நின்றுவிடுவதும் உண்டு.

ஒரே பட்டியல்

வகுப்பாசிரியரின் கணக்கு தலைமையாசிரியர் வழியாகக் குறுவள மையத்துக்கும், வட்டாரக் கல்வி அலுவலருக்கும், மாவட்டத்துக்கும் செல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியரே. நம் பட்டியல் தெளிவாக இருந்தால் அங்கே எடுக்கும் முடிவும் தெளிவாக இருக்கும்.

பட்டியலில் 'தேவை' என்னும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே 'வந்து சேர்ந்தது' என்னும் கட்டமும் இருக்கட்டும். பைகள் போதிய அளவு வந்துவிட்டால், அடுத்து வரும் நன்கொடையாளரைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பலாம். வந்ததைக் குறிக்காமல் விட்டால், வேறோர் ஊர்க் குழந்தைக்கு உரியதை நாம் நிறுத்தி வைத்தவர்களாகிவிடுவோம்.

பள்ளியே நிவாரண முகாமாக இருந்தால், வகுப்பறைகள் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முதல் நாளே பேசிவிடுவது நல்லது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஆசிரியர்களைப் பேரிடர் நிவாரணப் பணியில் ஈடுபடுத்த அனுமதிக்கிறது. முகாம் பணிக்குச் செல்லும் ஆசிரியர், அங்குள்ள பள்ளி வயதுக் குழந்தைகளின் பெயர், வகுப்பு, பள்ளி ஆகியவற்றைக் குறித்து வந்தால், அந்த விவரம் பல பள்ளிகளின் 'தகவல் இல்லை' கட்டத்தை நிரப்பும்.

மழைக்கு முன்பே

செப்டம்பரிலேயே செய்யக்கூடியவை சில:

1. ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டாவது தொலைபேசி எண்ணையும், குடும்பம் வழக்கமாகச் சென்று தங்கும் உறவினர் ஊரையும் கேட்டுக் குறித்தல்.
2. பதிவேடுகளை உயரமான அலமாரிக்கு மாற்றுதல். சான்றிதழ்களின் நகல்களைப் பெற்றோர் பாலிதீன் உறையில் வைக்கச் சொல்லுதல்.
3. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், எந்தத் தெருவுக்கு யார் சென்று விசாரிப்பது என முடிவு செய்தல்.

பேரிடர் முடிந்து மணி அடித்ததும் பள்ளி திறந்துவிட்டதாக அறிக்கை எழுதுகிறோம். 'தகவல் இல்லை' என்ற கட்டத்தில் ஒரு பெயர் இருக்கும்வரை அந்தக் குழந்தைக்குப் பள்ளி இன்னும் திறக்கவில்லை.