க்ளிக்... விர்ர்ர்... அய்யோ, மாட்டிக்கிச்சே!

'க்ளிக்'னு அமுக்கினா, 'விர்ர்ர்'னு சத்தத்தோட போட்டோ வெளியே வரணும். ஆனா, 'விர்...' என்று பாதியிலேயே நின்றுவிட்டால்? நெகட்டிவ் கிடையாது, இன்னொரு காப்பி கிடையாது. போச்சுன்னா போச்சுதான் பாஸ்!

போன பொங்கலுக்கு எனக்கு அதுதான் நடந்தது. போட்டோன்னாலே முகத்தைத் திருப்பிக்கிற எங்க ஆச்சி, அன்னிக்கு அதிசயமா பொக்கைவாய் தெரிய சிரிச்சாங்க. அமுக்கிட்டேன். படம் பாதி வெளியே வந்து நின்னுடுச்சு. ஆர்வக்கோளாறுல படம் வெளியே வர்ற வாயை என் விரலே அடைச்சிருக்கு! பதட்டத்துல வெடுக்குனு இழுத்தேன். அப்புறம் முற்றத்து வெயில்ல பின்கதவையும் திறந்தேன். ஒரே நிமிஷத்துல ரெண்டு தப்பு! ஆச்சியோட பாதி முகம் கோடு கோடா போச்சு. உள்ளே மேலே இருந்த ஃபிலிம் வெள்ளை வெளேர். அடியில் இருந்ததுக்கெல்லாம் ஓரத்தில் வெள்ளைப் படலம்.

நீங்களாவது உஷாரா இருங்க!

உள்ளே என்ன நடக்குது?

1943-ல் எட்வின் லேண்டிடம் அவருடைய குட்டி மகள், 'எடுத்த போட்டோவை இப்பவே ஏன் பார்க்க முடியாது?' என்று கேட்டாளாம். அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் போலராய்டு கேமரா. 1948-ல் விற்பனைக்கு வந்தது. இன்னிக்கு நம்ம பசங்க கையில் அதிகம் இருக்கும் இன்ஸ்டாக்ஸ் 1998-ல் வந்தது. மினி பேக் ஒன்றில் 10 ஃபிலிம்.

ஒவ்வொரு ஃபிலிமின் ஓரத்திலும் ரசாயனப் பசை அடைத்த குட்டிப் பை இருக்கு. ஷட்டரை அமுக்கினதும் ஒரு கொக்கி ஃபிலிமைத் தள்ளும். ரெண்டு ரோலர்கள் அதைக் கவ்விப் பிழியும். கரும்பு மெஷின் மாதிரி! பை உடைஞ்சு, பசை சமமா பரவினாதான் படம். பேட்டரி வீக், ரோலரில் காய்ந்த பசை, சரியா உட்காராத பேக், வழியில் விரல்... இந்த நாலில் ஒண்ணுதான் பெரும்பாலும் வில்லன்.

மாட்டிக்கிட்டா என்ன பண்ணணும்?

முதல்ல, மறுபடி மறுபடி பட்டனை அமுக்காதீங்க. பின்கதவு பக்கமே கை போகக் கூடாது.

அடுத்து பேட்டரி. புதுசா ஒரு செட் போட்டு ஆன் பண்ணுங்க. பழசையும் புதுசையும் கலக்காதீங்க. பல நேரம் மோட்டார் மிச்ச வேலையை முடிச்சு, படத்தைத் தானே தள்ளிடும்.

அப்பவும் அசையலையா? படம் பாதி வெளியே இருந்தா, ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு நேரா, மெதுவா, ஒரே சீரா இழுங்க. கோடு விழ வாய்ப்பு உண்டு. அதனால இதைக் கடைசி வழியா மட்டும் வெச்சுக்குங்க.

உள்ளேயே சிக்கிக்கிச்சுன்னா, ராத்திரி பாத்ரூம்தான் உங்க டார்க் ரூம்! கதவிடுக்கில் துண்டைச் செருகுங்க. செல்போன் வெளிச்சமும் கூடாது. சினிமாவில் பார்த்த சிவப்பு விளக்கும் வேண்டாம், கலர் ஃபிலிமுக்கு அதுவும் எதிரிதான். இருட்டில் பேக்கை எடுத்து, கறுப்புத் துணியில் நாலு சுற்று சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் மூடுங்க. அப்புறம் லைட்டைப் போட்டு, ரோலரை லேசா ஈரமான பட்ஸால் துடைத்துக் காய விடுங்க. மறுபடி லைட்டை அணைச்சு, பேக்கை அதன் இடத்தில் வைங்க. பேக்கின் பின்னாடி இருக்கும் ரெண்டு ஓட்டைகளை அமுக்கிடாதீங்க. கதவைத் திறந்ததால் கவுன்ட்டரும் குழம்பும். எத்தனை ஃபிலிம் மிச்சம்னு முன்னாடியே எழுதி வெச்சுக்கறது நல்லது.

ஒரு ஐடியா: காலி பேக்கைத் தூக்கி எறியாம, கண்ணை மூடிக்கிட்டு நாலு தடவை போட்டு எடுத்துப் பழகுங்க. நிஜமான இருட்டில் கை தடுமாறாது.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே போடுங்க!

'இன்ஜினீயரிங் படிக்கிறேன், பிரிச்சு மேய்ஞ்சிடுறேன்'னு கிளம்பாதீங்க. உள்ளே ஃப்ளாஷுக்கான கெபாசிட்டர் இருக்கு. பேட்டரியைக் கழற்றின பிறகும் அதில் சுமார் 300 வோல்ட் தேங்கி நிற்கலாம். தொட்டா தூக்கி அடிக்கும்! ஃபிலிமையும் கத்திரிக்காதீங்க. அந்தப் பசை தோலை அரிக்கும். கையில் பட்டால் உடனே நிறைய தண்ணீரில் கழுவுங்க. கண்ணில் பட்டால் கழுவிட்டு நேரா டாக்டரிடம் போயிடுங்க. இவ்வளவும் செய்து சரியாகலைன்னா, சர்வீஸ் சென்டர்தான்.

வராமலே தடுக்க..? வெயிலில் நிற்கும் காருக்குள் கேமராவை விடாதீங்க. அதிகபட்சம் 40 டிகிரி வரைதான் தாங்கும். ஃபங்ஷனுக்கு முன்னாடி பேட்டரியைப் பாருங்க. முக்கியமா, விரலை ஓரங்கட்டுங்க!

கோடு விழுந்த அந்தப் படத்தை ஆச்சிகிட்ட பயந்துக்கிட்டேதான் நீட்டினேன். உத்துப் பார்த்துட்டு, 'ஏலே, என் பாதி மூஞ்சியைக் காணுமேல!'னு மறுபடியும் அதே சிரிப்பு. எடுக்கத்தான் ஃபிலிம் இல்லை.

அந்தப் பாதி முகம் இப்ப என் பர்ஸில் இருக்கு. அடுத்த லீவுக்குப் புது பேட்டரி, புது பேக்கோட ஊருக்குப் போறேன். கேமரா நான் பார்த்துக்குவேன். ஆச்சி சிரிக்கணும், அவ்வளவுதான்!