பட்டியலில் பெயர் ஏறுமுன் ஒரு வார்த்தை கேட்டார்களா?

பட்டியல் என்ற சொல்லின் பாரம் எம் மக்களுக்குத் தெரியும். நிவாரணத்துக்கு ஒரு பட்டியல், வீட்டுத் திட்டத்துக்கு ஒரு பட்டியல், மீள்குடியேற்றத்துக்கு இன்னொன்று. பெயர் விடுபட்டுப்போனால் காரணம் கேட்க யாரிடம் போவது என்பதே பெரிய கவலை.

இம்முறை நாம் சொல்லவிருப்பதும் ஒரு பட்டியலின் கதைதான். ஆனால் இதில் பெயர் வந்துவிடக் கூடாதே என்றுதான் மனிதர் அஞ்சுவர். பிள்ளைகளோடு வேலை செய்யக் கூடாதென இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டவர்களின் பட்டியல் அது. இங்கிருந்து இடம்பெயர்ந்து போன எம் உறவுகள் பலர் அங்கே பாடசாலைகளிலும் வார இறுதித் தமிழ் வகுப்புகளிலும் பணிபுரிகின்றனர். ஆகவே இது எமக்குத் தூரத்துக் கதையன்று.

இரு சிறுமிகளின் மரணம்

2002 ஆகஸ்ட் மாதம், சோஹாம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டனர். கொலையாளி அவ்வூர்ப் பாடசாலை ஒன்றின் பராமரிப்புப் பணியாளன். அவன்மீது முன்னரே வேறோர் இடத்தில் பல முறைப்பாடுகள் இருந்தன. பொலிசாரிடம் இருந்த அந்தத் தகவல்கள், அவனை வேலைக்கு எடுத்தவர்களின் கைக்குப் போய்ச் சேரவில்லை. இதனை ஆராய்ந்த பிச்சார்ட் விசாரணைக் குழு 2004 இல் அறிக்கை தந்தது. அதன் வழியாக 2006 இல் புதிய சட்டம் பிறந்தது.

இன்று இப்பணியைச் செய்வது 2012 டிசம்பரில் அமைக்கப்பட்ட ஓர் அரச சேவை. அது இரு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, பிள்ளைகளோடு வேலைக்கு வருபவரின் குற்றப் பதிவுகளைக் காட்டும் சான்றிதழை வழங்குவது. மற்றது, ஆபத்தானவர் எனக் கண்டவரைத் தடைப்பட்டியலில் சேர்ப்பது. தடைசெய்யப்பட்டவர் பிள்ளைகளைப் பொறுப்பேற்கும் வேலையில் இறங்கினால் அதுவே சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பிள்ளைக்குத் தீங்கு செய்தார் என்று ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் நிறுவனம், அதனை இச்சேவைக்கு அறிவிக்கவும் வேண்டும். சொல்லாமல் அடுத்த ஊருக்கு அனுப்பிவிட முடியாது. குருக்களும் இதற்கு விலக்கல்லர். அவ்வாறு அனுப்பிவைத்த பாவம் திருச்சபையின் வரலாற்றிலும் உண்டு என்பதை நாம் மறைக்கக் கூடாது.

கேளாமல் தீர்ப்பிடலாமா?

பிள்ளைகளைக் காக்கும் அவசரத்தில் முதலில் செய்த சட்டத்தில் ஒரு குறை இருந்தது. சில குற்றங்களுக்கு, முதலில் பெயரைப் பட்டியலில் போட்டுவிட்டு, பின்னரே 'உமது பக்கத்தைச் சொல்லும்' என்றார்கள். இதனால் வேலையிழந்த தாதியர் சிலர் தமது சங்கத்தோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். கேட்குமுன் தடைசெய்வது மனித உரிமைகளுக்கு முரண் என 2010 இல் நீதிமன்றம் தீர்த்தது. 2012 இல் சட்டம் திருத்தப்பட்டது. மிகப் பாரதூரமான சில குற்றங்களுக்கு மட்டும் கேளாமலே தடை விதிக்கும் முறை இன்னும் உண்டு. ஏனையவற்றில், தடைசெய்ய எண்ணியிருப்பதாகக் காரணத்தோடு கடிதம் வரும். பதில் எழுத எட்டு வாரங்கள் உண்டு.

அதன் பின்னும் தடை விழுந்தால், மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் அனுமதி பெற்று அங்கே முறையிடலாம். ஆனால் தீர்ப்பாயம் இரண்டையே பார்க்கும்: சட்டத்தில் பிழை நடந்ததா, நடந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவத்தில் பிழை உண்டா. 'நான் அதைச் செய்யவில்லை' என்று ஒருவர் சொன்னால், அவரது வாய்மொழியையும் புதிய சாட்சியத்தையும் கேட்டு அது தீர்மானிக்கலாம். பிழை கண்டால் பெயரை நீக்கும்படியோ புதிதாகத் தீர்மானிக்கும்படியோ கட்டளையிடும். ஆனால் செய்தது உறுதியானபின், அதற்குத் தடை பொருத்தமா என்பதைச் சட்டம் அச்சேவையின் பொறுப்பிலேயே விட்டிருக்கிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுத்துப் பார்க்கும் இடமன்று அது.

பதினொரு வயதில் எடுத்த துவிச்சக்கர வண்டிகள்

பட்டியலில் இல்லாதவரையும் பழைய பதிவு துரத்தும். 2002 இல் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, இரு துவிச்சக்கர வண்டிகள் களவுபோன விடயத்தில் பொலிசார் இரு எச்சரிக்கைகள் கொடுத்தனர். வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை. பதினேழு வயதில் அவன் உதைபந்தாட்டக் கழகமொன்றில் பகுதிநேர வேலை கேட்டபோது, சான்றிதழில் அந்த எச்சரிக்கைகள் வந்து நின்றன. பத்தொன்பது வயதில், பிள்ளைகளோடு பழக வேண்டிய விளையாட்டுக் கல்விப் படிப்புக்கு விண்ணப்பித்தபோதும் அதே கதை.

அவன் நீதிமன்றம் போனான். 2013 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2014 இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமும் அவன் பக்கமே தீர்ப்பளித்தன. எந்தப் பதிவையும், அது எவ்வளவு பழையது, எவ்வளவு சிறியது, கேட்கும் வேலைக்கும் அதற்கும் தொடர்புண்டா என்று பாராமல் வெளியிடுவது தவறு என்பதே அவற்றின் சாரம். 2019 இல் வேறு சிலரின் வழக்குகளிலும் இதே கேள்வி எழுந்தது. அதன் பயனாக 2020 நவம்பர் முதல், சிறுவயதில் பெற்ற எச்சரிக்கைகள் தாமாகவே சான்றிதழில் வருவதில்லை.

பிள்ளையும் பெரியவரும்

இங்கே ஒருவர் கேட்கலாம்: பிள்ளையின் பாதுகாப்பு முக்கியமா, குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமை முக்கியமா? பிள்ளையே முதல். அதில் எமக்குச் சந்தேகமில்லை. சோஹாமில் பிள்ளைகளைக் கைவிட்டது மேன்முறையீடு அன்று, எழுதாமலும் சொல்லாமலும் விட்ட அசட்டை. மறுபுறம், விசாரியாமல் பெயர் கெடுக்கும் ஊரில், உண்மையான முறைப்பாட்டையும் 'இதுவும் பொறாமைக் கதை' என்று தள்ளிவிடுவார்கள். அப்போதும் நட்டப்படுவது பிள்ளையே. தீர விசாரித்து எடுத்த முடிவுதான் நிலைக்கும்.

எமது கிராமங்களிலும் முகாம்களிலும் மாலை வகுப்பு நடத்துவோர், முன்பள்ளி ஆசிரியைகள், தொண்டர் என்று எத்தனையோ பேர் வந்து போகின்றனர். அன்பான பெற்றோரே, பெரிய சட்டம் இல்லாமலே சிலவற்றை நாம் செய்யலாம். வருபவர் முன்பு எங்கே வேலை செய்தார் என்று கேளுங்கள், கேட்டு அங்கும் விசாரியுங்கள். பிள்ளை ஒன்றைச் சொன்னால் அதட்டாமல் கேட்டுத் திகதியோடு எழுதி வையுங்கள். பாரதூரமானதைச் சங்கத்துக்குள் சமரசம் பேசி மூடாமல் பொலிசாரிடமோ சிறுவர் நன்னடத்தை அலுவலரிடமோ கொண்டுபோங்கள். விசாரணை முடியும்வரை அவரைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வையுங்கள். சங்கம் ஒருவரை நிறுத்துவதானால், காரணத்தை எழுத்தில் கொடுத்து, அவர் சொல்வதையும் கேட்டு, சம்பந்தப்படாத ஒருவரைக் கொண்டு அந்த முடிவை மறுபடி பார்க்கச் செய்யுங்கள்.

காரணம் சொல்லாத பட்டியல்களால் நொந்தவர்கள் நாம். எம் கையில் ஒரு பட்டியல் வரும்போது, அதே நோவை இன்னொருவருக்குக் கொடாதிருப்போம். எம் பிள்ளைகளையும் காவலின்றி விடாதிருப்போம்.