ஒரே பந்தி, ஒரே பருப்பு

அமிர்தசரஸ் பொற்கோயிலின் குரு ராம்தாஸ் லங்கர் (பொது உணவு) கூடத்தில் ரொட்டியைத் தட்டில் போடமாட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும். 'பர்ஷாதா ஜி' என்று குரல் கொடுத்தபடி வரும் சேவாதார் (தொண்டர்), கூடையிலிருந்து எடுத்துக் கையில் விடுவார். அவர் பின்னாலேயே வாளியில் பருப்பு வரும், அப்புறம் ஒரு காய்கறி, கீர். தரையில் நீளமாக விரித்த பாய், எவர்சில்வர் தட்டு. பக்கத்தில் இருப்பவர் லாரி ஓட்டுநராக இருக்கலாம், நீதிபதியாகவும் இருக்கலாம். சாதாரண நாளிலேயே 50,000 பேருக்குக் குறையாமல் சாப்பிட்டுப் போகிற இடம் அது.

இப்படி வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதற்குப் பஞ்சாபியில் 'பங்கத்' என்று பெயர். நம் பந்திதான். இரண்டுக்கும் வேர்ச்சொல்கூட ஒன்றே. உணவுப் பழக்கத்தைப் பற்றி எழுதுகிறவன் என்ற முறையில் அங்கே உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. இங்கே யாருக்கும் தனித் தட்டு கிடையாது. சர்க்கரை நோயாளிக்கும் அதே வாளி, பயில்வானுக்கும் அதே வாளி. அந்த வாளியில் உப்பைக் கொஞ்சம் குறைத்தால் அத்தனை பேருக்கும் குறைந்துவிடும். நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். டாக்டர் பத்தியம் சொன்னதும் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல், தனிக் கிண்ணம். மற்றவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பராட்டா சாப்பிடுவார்கள். மூன்றாவது வாரம் அந்தத் தனிக் கிண்ணம் காணாமல் போயிருக்கும்.

சைவம் கட்டாயமா?

சீக்கியர் எல்லாரும் சைவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம், அல்லது எல்லாரும் தந்தூரி சிக்கன் பிரியர்கள் என்று. இரண்டும் சரியில்லை. 1945இல் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு ஏற்ற 'சீக் ரஹித் மர்யாதா' என்னும் நெறிமுறை, 'குட்டா' எனப்படும் சடங்கு முறையில் அறுத்த இறைச்சியைத்தான் விலக்குகிறது. சைவத்தைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் நாம்தாரிகள், அகண்ட கீர்த்தனி ஜத்தாவினர் போன்ற சீக்கியப் பிரிவினர் இறைச்சியைத் தொடுவதில்லை. அமிர்தம் ஏற்ற (தீட்சை பெற்ற) பலர் அதோடு முட்டையையும் விட்டுவிடுவார்கள்.

லங்கர் மட்டும் பொதுவாகச் சைவம்தான். குரு நானக் (1469–1539) தொடங்கி வைத்த இந்தப் பொது அடுக்களையில், எந்த மதத்தவரும் சாதியினரும் தயங்காமல் கை ஏந்த வேண்டும் என்பதே காரணம். அடுத்து வந்த குரு அங்கதின் மனைவி மாதா கீவி லங்கரைப் பொறுப்பேற்று நடத்தினார். அவர் பரிமாறிய நெய் மணக்கும் கீர் பற்றிய குறிப்பு குரு கிரந்த சாகிபிலேயே இருக்கிறது.

ஆக, ஒரே வீட்டில் பாட்டி முழுச் சைவமாகவும் பேரன் கோழி சாப்பிடுகிறவனாகவும் இருப்பது சகஜம். பேரன் சைவத்துக்கு மாற நினைக்கும்போது 'இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?' என்று குத்திக்காட்டாமல் இருப்பதே வீட்டார் செய்யும் முதல் உதவி.

நெய் மிதக்கும் சைவம்

சைவம் என்றாலே ஆரோக்கியம் என்பது சொகுசான நம்பிக்கை. வெண்ணெய்க் கட்டி வைத்த அமிர்தசரி குல்ச்சா சைவம். பன்னீர் பக்கோடா சைவம். ஜிலேபியும் அதன் மேல் ஊற்றிய பாலும் சைவம்தான். பஞ்சாபின் உணவு, விடியலில் ஏரோடு வயலுக்குப் போய் இருட்டியதும் திரும்புகிற உடம்புக்காக உருவானது. டிராக்டர் வந்தது, அறுவடை இயந்திரம் வந்தது, சாப்பாடு மட்டும் ஏர்க்காலத்திலேயே நின்றுவிட்டது.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 40.8 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள். (சிரிக்க வேண்டாம், தமிழ்நாட்டுக் கணக்கு 40.4.) அதே பஞ்சாபில் அதே வயதுப் பெண்களில் 58.7 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாலும் நெய்யும் கீரையும் பருப்பும் குறைவில்லாத ஊர் என்று பெயர் வாங்கிய இடத்தில் பாதிக்கு மேல் பெண்களுக்கு ரத்தம் போதவில்லை. எடை கூடுகிறது, சத்து சேரவில்லை. கோளாறு உணவின் அளவில் மட்டும் இல்லை, சேர்மானத்திலும் இருக்கிறது. யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்பதிலும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்கிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின் 2023ஆம் ஆண்டு முடிவு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்றது. இந்திய உடல்வாகுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும். தளர்ந்த குர்த்தாவும் சல்வாரும் இதை வெகுகாலம் மறைத்துவிடும், டேப் மறைக்காது.

பானைக்குள் என்ன மாறலாம்

புரதத்தில் தொடங்குவோம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் வேண்டும். ஆறு புல்காவில் 18 கிராம் போலக் கிடைக்கும். 60 கிராம் பருப்பில் 14, இரண்டு டம்ளர் பால் அல்லது தயிரில் 13, ஒரு கைப்பிடி வறுத்த கொண்டைக்கடலையில் 6. கணக்கு சரியாகிவிட்டது, பவுடர் டப்பா தேவையில்லை. நிஹங் சீக்கியர்கள் தங்கள் வீரப் பரிபாஷையில் வறுத்த கடலையை 'பாதாம்' என்றுதான் சொல்வார்கள். ஏழ்மையைக் கேலி செய்து பிறந்த சொல், ஊட்டச்சத்துக் கணக்கிலும் அத்தனை தவறில்லை.

தானியமும் பருப்பும் சேரும்போது ஒன்றில் இல்லாத அமினோ அமிலத்தை மற்றது ஈடுசெய்கிறது. பழைய பஞ்சாபிகளுக்கு இது தெரியாமலே தெரிந்திருந்தது. கோதுமை மாவோடு கடலை மாவு, வெங்காயம், ஓமம் சேர்த்துத் தட்டும் மிஸ்ஸி ரொட்டி அதற்குச் சாட்சி. பசுமைப் புரட்சியில் வயலெல்லாம் கோதுமையும் நெல்லுமாக மாற, கடலையும் பருப்பும் ஒதுங்கின, மிஸ்ஸி ரொட்டியும் விசேஷப் பண்டமாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் அதைத் திரும்பக் கொண்டுவந்தால், புதிதாக எதையும் கற்காமலேயே வீட்டுக்குப் புரதமும் நார்ச்சத்தும் கூடும்.

இரும்புச்சத்தில் விஷயம் நுணுக்கமானது. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் லேசில் எடுத்துக்கொள்ளாது. சாப்பாட்டோடு குடிக்கும் டீ அதை இன்னும் தடுக்கும், எலுமிச்சையும் நெல்லியும் கொய்யாவும் உதவும். குளிர்காலத்தில் கடுகுக்கீரையோடு பாலக்கும் பத்துவாவும் (நம்மூர்ச் சக்கரவர்த்திக்கீரைதான் அது) சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்து, மத்தால் மசித்து, மக்காச்சோள மாவு தூவி இறக்கும் சாக் அற்புதமான பண்டம். ஆனால் அத்தனை நேரக் கொதியில் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். பக்கத்தில் பச்சை முள்ளங்கித் துண்டும் எலுமிச்சைச் சாறும் வைக்கிற வழக்கத்தை விட்டுவிடக் கூடாது. டீ ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும்.

பி12 வைட்டமின் தாவரங்களில் நம்பகமாகக் கிடைப்பதில்லை. பெரியவர்களுக்கு நாளுக்குச் சுமார் 2.4 மைக்ரோகிராம் வேண்டும். ஒரு பெரிய டம்ளர் பாலில் அதில் பாதி கிடைக்கும். பாலும் முட்டையும் வேண்டாம் என்பவர் மாத்திரை அல்லது செறிவூட்டிய உணவை நாடியே ஆக வேண்டும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடும் சைவர்கள் பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது, அந்த மருந்தே அதைக் குறைக்கக்கூடும். பி12 குறைந்து கால் மரத்துப்போனாலும் பழியைச் சர்க்கரையின் தலையில் போட்டுவிட்டு இருந்துவிடுகிறோம்.

எச்சரிக்கை இரண்டு. வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள், குளிர்காலம் வந்ததே என்று திடீரென்று சாக்கில் இறங்கக் கூடாது. கீரையின் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நெய்யை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. ஒரு டீஸ்பூன் 45 கலோரி, அவ்வளவுதான். ஆனால் பருப்புத் தாளிப்பில் ஒரு கரண்டி, ஒவ்வொரு புல்காவின் மேலும் ஒரு தடவல், சாக்கின் நடுவே ஒரு கட்டி வெண்ணெய் என்று போகும்போது யாரும் எண்ணுவதில்லை. டீக்கும் இதே கதைதான். நாலு டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளுக்கு 40 கிராம் வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது.

லங்கர் அடுக்களையில்

பிரிட்டனிலும் கனடாவிலும் சில குருத்வாராக்கள் லங்கர் உணவை லேசாக்கத் தொடங்கியிருக்கின்றன. தாளிப்பில் எண்ணெயைக் குறைப்பது, கொழுப்பு குறைந்த பால், சாலட், பழம். சர்க்கரை கலக்காத டீக்குத் தனிக் கேத்தல் வைப்பது இதில் மிக எளிது, பலனும் பெரிது. முன்பே சர்க்கரை போட்டு வரும் வாளி டீயில் யாருக்கும் தேர்வு கிடையாது.

இதைச் சொல்லும் விதம் முக்கியம். பக்தியோடு கொண்டுவந்து கொட்டும் நெய் டின்னைப் பார்த்து 'இது வேண்டாம்' என்றால் மனம் முறியும். 'அடுத்த முறை பழமோ பருப்போ கொண்டுவாருங்கள்' என்றால் சேவையும் நிற்காது. குருத்வாராவில் தரும் கடா பிரசாதத்தின் செய்முறையில் மட்டும் கை வைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. மாவும் நெய்யும் சர்க்கரையும் சம அளவு என்பது அதன் இலக்கணம், கைக்கு வருவதோ சின்ன உருண்டை. சர்க்கரை உள்ளவர் 'கொஞ்சம் போதும்' என்று கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

பேஸ்மென்டில் நாலு பேர்

கனடாவில் பிராம்ப்டன் போன்ற ஊர்களில் வீட்டின் பேஸ்மென்டை நாலைந்து பஞ்சாபி மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். பகலில் வகுப்பு, இரவில் கிடங்கு வேலை. ஆளுக்கொரு நேரத்தில் வந்து ஆளுக்கொரு நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பார்கள். இவர்களுக்கு அறிவுரை தேவையில்லை, ஒரு முறைப் பட்டியல் போதும். இன்று ஊறவைப்பவர் ஒருவர், நாளை குக்கர் வைப்பவர் இன்னொருவர். ஞாயிறு வேகவைத்த ராஜ்மாவைப் பங்கிட்டு ஃப்ரீசரில் வைத்தால் புதன்வரை வரும். ஒன்று சொல்ல வேண்டும்: ராஜ்மாவை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, நன்றாகக் கொதிக்கவைத்தே சாப்பிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் நஞ்சு வாந்தியில் கொண்டுபோய் விடும். ஸ்லோ குக்கரில் மட்டும் வேகவைப்பது ஆபத்து.

தவாவின் முன் நிற்பவர்

லூதியானாவில் ஒரு வீட்டில் இரவுச் சாப்பாடு. மேசையில் மாமனார், இரண்டு மகன்கள், நான். மருமகள் தவாவின் முன் நின்றார். புல்கா ஒவ்வொன்றாக உப்பி, நெய் தடவி, சூடாகத் தட்டில் விழுந்துகொண்டே இருந்தது. 'போதும்மா' என்று சொன்ன பிறகும் ஒன்று விழும், சூடாக இருக்கிறதே என்று அதையும் சாப்பிடுவோம். அவர் உட்கார்ந்தபோது பன்னீர் தீர்ந்திருந்தது. பாத்திரத்தின் ஓரத்தில் வழித்த சாக்கும், ஆறிய இரண்டு புல்காவும், ஒரு டம்ளர் டீயும் அவருடைய சாப்பாடு.

அந்த மாமனார் ஞாயிறுதோறும் குருத்வாராவில் ரொட்டி தேய்க்கும் சேவை செய்பவர். வீட்டில் பூரிக்கட்டையைத் தொட்டதில்லை. பங்கத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்காரும் மரபு ஐந்நூறு ஆண்டு பழையது, அது வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. ரத்தசோகைக் கணக்கில் இந்த ஆறிய புல்காவுக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து அதே வீட்டுக்குப் போனேன். மாமனாருக்கு இடையில் சர்க்கரை வந்திருந்தது. தனிச் சமையல் வேண்டாம், எல்லாருக்கும் ஒன்றே என்று மருமகள் கறாராகச் சொல்லிவிட்டாராம். ரொட்டி முழுவதையும் முதலிலேயே சுட்டு, துணி சுற்றி ஹாட்பாக்ஸில் வைத்து மேசை நடுவில் வைத்தார்கள். மூத்த மகன்தான் தேய்த்தான், வட்டம் வரவில்லை. மருமகள் எங்களோடு உட்கார்ந்து முதல் கரண்டிப் பருப்பைத் தனக்கே போட்டுக்கொண்டார். தவாவிலிருந்து நேரே வருகிற ருசி இல்லை என்று பெரியவர் முனகினார். முனகிக்கொண்டே மூன்றோடு நிறுத்தினார். முன்பெல்லாம் எத்தனை என்று கேட்டேன். 'அப்போது யார் எண்ணினார்கள்?' என்றார்.