தேடும் வேகத்தை அளப்பது எப்படி?

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் வேர்டு போன்ற ஒரு பெரிய புரோகிராமைத் திறந்து பாருங்கள். திறந்து முடியச் சில வினாடிகள் ஆகும். அதை மூடிவிட்டு உடனே மறுபடியும் திறந்து பாருங்கள். இந்த முறை சட்டென்று வந்து நிற்கும். அதே கம்ப்யூட்டர், அதே புரோகிராம். பின் ஏன் இந்த வித்தியாசம்? முதல் முறை ஹார்டு டிஸ்க்கிலிருந்து படித்த தகவல்களை விண்டோஸ் ராம் மெமரியில் விட்டு வைத்திருக்கிறது. இரண்டாம் முறை டிஸ்க் வரை போக வேண்டிய வேலை இல்லை. இப்படி எடுத்து வைத்துக் கொள்வதைக் கேச் என்கிறோம்.

இது கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்திலேயே யாரும் கவனிக்கக் கூடிய விஷயம். ஆனால் இன்ஜினீயரிங் படித்து, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்த பிறகு, இதை மறந்து போய் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக் கொண்டேன்.

பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு மருந்துக் கடை நிறுவனத்திற்குப் பழைய பில்களைத் தேடித் தரும் வசதியை எங்கள் குழு செய்து கொண்டிருந்தது. போன் நம்பரையோ மருந்தின் பெயரையோ கொடுத்தால், மூன்று வருட பில்களில் தேடி உரியதைக் காட்ட வேண்டும். இதற்கு நாங்கள் எடுத்துக் கொண்டது சோலர் என்ற ஓப்பன் சோர்ஸ் தேடல் சாஃப்ட்வேர்.

சோலருக்கு அடிப்படை லூசீன். 1999-ல் டக் கட்டிங் என்ற அமெரிக்க புரோகிராமர் எழுதியது. தன் மனைவியின் நடுப்பெயரையே அதற்கு வைத்தார். 2001-ல் அப்பாச்சி அமைப்பிடம் சேர்ந்தது. அதன் மேல் கட்டப்பட்ட சோலரும், 2010-ல் வந்த எலாஸ்டிக்சர்ச்சும் உலகெங்கும் எத்தனையோ இணையதளங்களின் தேடல் பெட்டிக்குப் பின்னால் இருந்து வேலை செய்கின்றன.

இவை எப்படித் தேடுகின்றன? பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சொற்களை அகர வரிசையில் போட்டு, எதிரே பக்க எண்களைக் கொடுத்திருப்பார்கள் அல்லவா? அதே முறைதான். தகவல்களையெல்லாம் முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்தெந்த ஆவணத்தில் வருகிறது என்று ஒரு பட்டியல் தயாரித்து வைத்துக் கொள்ளும். இதற்கு இண்டெக்ஸ் என்று பெயர். நீங்கள் தேடும்போது ஆவணங்களைப் புரட்டுவதில்லை, பட்டியலை மட்டும் பார்க்கிறது. எங்கள் இண்டெக்ஸின் அளவு 40 ஜிபி. சர்வரில் இருந்த ராம் 16 ஜிபி. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

வேகத்தைச் சோதிக்கும் பொறுப்பு என்னுடையது. ஜேமீட்டர் என்ற இலவச சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினேன். ஒரே நேரத்தில் நூறு பேர் தேடுவது போல் அது நடிக்கும். என்ன தேட வேண்டும் என்பதற்கு நானே உட்கார்ந்து 50 தேடல்களை எழுதினேன். ஜேமீட்டர் அவற்றையே திரும்பத் திரும்ப ஒரு மணி நேரம் அனுப்பியது. சராசரி 40 மில்லி செகண்ட் என்று முடிவு வந்தது. ஒரு வினாடிக்கு 1000 மில்லி செகண்ட் என்பதால், கண் இமைப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது என்று பொருள். அறிக்கை அனுப்பினேன். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மாதத் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை மாலை போன்கள் வரத் தொடங்கின. தேடினால் பதில் வரவில்லை என்றார்கள். நம்ப முடியாமல் பக்கத்தில் இருந்த கிளைக்கே போய் நின்றேன். ஒரு பாட்டி பிரஷர் மாத்திரை கேட்டுக் கொண்டிருந்தார். சீட்டு இல்லை. பெயரும் தெரியாது. "சின்ன வெள்ளை மாத்திரைப்பா, காலையில ஒண்ணு போடுவேன், போன மாசம் இங்கதானே வாங்கினேன்" என்றார். கடைக்காரர் போன் நம்பரைப் போட்டுத் தேடினார். திரையில் வட்டம் சுற்றிக் கொண்டே இருந்தது. பின்னால் நாலைந்து பேர். "சரிப்பா, நாளைக்கு வரேன்" என்று பாட்டி கிளம்பிவிட்டார். இருப்பில் மாத்திரை இருந்ததா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் அறிக்கையின் 40 மில்லி செகண்ட்தான் கண் முன்னால் நின்றது.

அன்று இரவே காரணம் தேட உட்கார்ந்தோம். ஒன்றல்ல, மூன்று ஓட்டைகள். மூன்றுமே சோலரில் இல்லை, என் சோதனையில்தான்.

முதலாவது கேச். 50 தேடல்களை மட்டும் திரும்ப அனுப்பினால், அவற்றுக்கு வேண்டிய பகுதி சில நிமிடங்களில் ராமுக்கு வந்துவிடும். போதாக்குறைக்கு சோலரும் முன்பு கொடுத்த விடைகளைத் தன் பங்குக்குச் சேமித்து வைத்துக் கொள்கிறது. ஆக, நான் அளந்தது தேடும் வேகத்தை அல்ல, ஏற்கெனவே கையில் இருந்த விடையை நீட்டும் வேகத்தை. கடையில் வருகிற ஒவ்வொருவரின் போன் நம்பரும் வேறு. 40 ஜிபி-யில் எந்த மூலையிலிருந்து வேண்டுமானாலும் படிக்க நேரிடும். 16 ஜிபி ராமில் அவ்வளவும் அடங்காது. சுழலும் டிஸ்க்கில் ஒவ்வொரு இடமாகப் போய்ப் படிக்க ஏறத்தாழ 10 மில்லி செகண்ட் ஆகும். ஒரு தேடலுக்குப் பல இடங்களில் படிக்க வேண்டும். நூறு பேருக்கு? கணக்கை நீங்களே போட்டுக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, நான் சோதித்தபோது புதிய பில் எதுவும் சேரவில்லை. கடை நடக்கும்போது நிமிடத்திற்கு நிமிடம் பில் சேர்ந்து கொண்டே இருக்கும். புதிய பில் தேடலில் தெரிய வேண்டுமானால் சோலர் இண்டெக்ஸைப் புதிதாகத் திறக்க வேண்டும். அப்போது தன்னிடம் சேமித்து வைத்த பழைய விடைகளைக் கழித்துக் கட்டிவிடும். நாங்கள் ஒவ்வொரு பில்லுக்கும் இப்படித் திறக்கச் சொல்லியிருந்தோம்.

மூன்றாவதுதான் கொஞ்சம் நுட்பமானது. எனக்கே புரிய இரண்டு நாள் ஆனது. ஜேமீட்டரின் வழக்கமான அமைப்பில், ஒவ்வொரு போலி ஆளும் ஒரு விடை வந்த பிறகுதான் அடுத்த கேள்வியைக் கேட்பார். சர்வர் 5 வினாடி முடங்கினால் அவரும் 5 வினாடி சும்மா நிற்பார். நிஜக் கடையில் அப்படியா? ரேஷன் கடையில் எடை போடுகிறவர் டீ குடிக்கப் போனால், வரிசையில் ஆட்கள் சேராமலா இருப்பார்கள்? வினாடிக்கு 10 பேர் வரும் இடத்தில் 5 வினாடி முடக்கம் என்றால் 50 பேர் காத்திருப்பார்கள். தனி ஒரு போலி ஆளை வைத்து அளந்தால், தாமதம் என்று பதிவாவது ஒன்றே ஒன்று. 2022-ல் வந்த ஜேமீட்டர் 5.5-ல், விடைக்குக் காத்திராமல் குறித்த வேகத்தில் கேள்விகளை அனுப்பும் வசதி சேர்க்கப்பட்டது. எலாஸ்டிக்சர்ச்சுக்கான ரேலி என்ற சோதனைக் கருவி, சர்வர் வேலை செய்த நேரத்தையும், வரிசையில் நின்றதையும் சேர்த்த மொத்த நேரத்தையும் தனித் தனியாகவே காட்டுகிறது.

சராசரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நூறு தேடல்களில் 99 தேடல்கள் 50 மில்லி செகண்டில் முடிகின்றன, ஒன்று மட்டும் 5 வினாடி எடுக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். சராசரி 99.5 மில்லி செகண்ட். பார்க்க அழகான எண். ஆனால் அந்த நேரத்தில் ஒருவருக்குக்கூட விடை கிடைக்கவில்லை! 99 பேருக்கு அதைவிடச் சீக்கிரம், ஒருவருக்கு அதைப் போல் 50 மடங்கு தாமதம். தினம் 300 முறை தேடும் கடையில் அந்த ஒருவர் தினம் மூன்று பேராகிவிடுவார். அதனால்தான் சராசரியை விட்டுவிட்டு, நூற்றில் 99 பேருக்கு எவ்வளவு நேரத்திற்குள் விடை கிடைத்தது என்று பார்க்கிறார்கள்.

பிறகு நாங்கள் செய்தது இதுதான். கடைகளில் உண்மையில் தேடப்பட்ட தேடல்களின் பதிவை எடுத்து, போன் நம்பர்களை மாற்றிவிட்டு, வந்த அதே வேகத்தில் மறுபடி ஓட்டினோம். பக்கத்திலேயே புதிய பில்களையும் சேர்த்துக் கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் சர்வரை ரீஸ்டார்ட் செய்து, கேச் காலியாக இருக்கும்போதிலிருந்தே அளந்தோம். இண்டெக்ஸைத் திறப்பதை நிமிடத்திற்கு ஒரு முறை என்று மாற்றியதுமே பாதி நோய் தீர்ந்தது. சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதும் மீதியில் பெரும்பகுதி போயிற்று. ராமை அதிகப்படுத்த வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்துக் கொண்டிருந்தேன். அது தேவைப்படவே இல்லை.

மற்றவர்கள் எப்படி அளக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கும் பழக்கமும் அப்போது வந்ததுதான். லூசீனுக்குப் பங்களிப்பவர்களில் ஒருவரான மைக்கேல் மெக்கேண்ட்லெஸ், ஆங்கில விக்கிபீடியாவின் கட்டுரைகளை இண்டெக்ஸ் செய்து தேடிப் பார்க்கும் சோதனையை இரவுதோறும் தானாக ஓடுமாறு அமைத்தார். முடிவுகள் வரைபடமாக எல்லோர் பார்வைக்கும் வந்தன. யாரோ செய்த மாற்றத்தால் வேகம் குறைந்தால், கோடு இறங்குவது மறுநாளே தெரிந்துவிடும். விலைக்கு விற்கும் சில டேட்டாபேஸ்களில் இதற்கு நேர்மாறு. சோதனை முடிவை அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது என்று உரிம ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். இதற்கு டீவிட் ஷரத்து என்றே பெயர் உண்டு. 1980-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டீவிட் வெளியிட்ட ஒப்பீட்டில் ஆரக்கிள் டேட்டாபேஸ் பின்தங்கியதை ஒட்டி வந்த பெயர் அது.

எல்லோரும் பார்க்கலாம் என்பதற்காக எல்லா எண்களையும் நம்பிவிட வேண்டாம். 2019-ல் வந்த எலாஸ்டிக்சர்ச் 7 முதல், நாம் வேறு மாதிரி கேட்காவிட்டால் விடைகளின் எண்ணிக்கையை 10,000 வரைதான் சரியாக எண்ணும். முந்தைய பதிப்பு முழுவதும் எண்ணியது. இரண்டையும் அப்படியே ஓட்டிப் பார்த்து, புதியது எவ்வளவு வேகம் என்று வியந்தால் கணக்குத் தப்பு. இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸ் உங்கள் டாகுமெண்ட்ஸ் ஃபோல்டருக்கு ஏற்கெனவே இண்டெக்ஸ் போட்டு வைத்திருக்கும். பென் டிரைவில் உள்ள ஃபைல்களுக்குப் பொதுவாகப் போடாது. டாகுமெண்ட்ஸில் உள்ள ஃபைல்களைப் பென் டிரைவுக்கும் காப்பி செய்து கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பென் டிரைவைச் செருகி, இரண்டு இடத்திலும் ஒரே ஃபைல் பெயரைத் தேடி நேரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்யாமல் அதே பெயரை மறுபடி தேடுங்கள், அடுத்து வேறு ஒரு பெயரை. ஃபைல்கள் ஆயிரக் கணக்கில் இருந்தால்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆன்ட்டி வைரஸ் ஸ்கேன் ஓடிக் கொண்டிருக்கும்போதும் ஒருமுறை குறித்துக் கொள்ளுங்கள், ஏனென்றால் அவசரமாக ஒரு ஃபைலைத் தேடும் நேரத்தில்தான் அது ஓடிக் கொண்டிருக்கும்.