காவிரிக் கரையின் ஆலைத்தொழில்: திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திருச்சிராப்பள்ளியின் தொழில் வரலாறு பெரும்பாலும் பொன்மலைப் பணிமனை, திருவெறும்பூர்க் கொதிகலன் தொழிற்சாலை ஆகிய பெருந்தொழில்களை மையமிட்டே பேசப்படுகிறது. வாய்க்கால் பாசனத்தைச் சார்ந்து வளர்ந்த ஆலைகளையும் உடன்வைத்து நோக்கினால்தான் சிற்றூர் மக்களின் உழைப்பு அடைந்த மாற்றம் புலப்படும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காவிரி, அரிசி ஆலை, கைக்குத்தல், மணச்சநல்லூர், பொன்மலை

முன்னுரை

'ஆலை' என்னும் சொல் கரும்பு பிழியும் பொறியைக் குறித்து வழங்கிய பழஞ்சொல்லாகும். கரும்பு பிழியும் எந்திரத்தின் ஓசையைப் பெரும்பாணாற்றுப்படை சுட்டுகிறது. விளைபொருளைப் பக்குவப்படுத்தும் இடம் என்னும் இப்பொருள், காவிரிக் கரையின் ஆலைகளுக்கு இன்றும் பொருந்துவதாகும்.

நீர்வழியும் ஆலையும்

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இவ்விரு ஆறுகளுக்கு இடைப்பட்ட தீவில் திருவரங்கம் அமைந்துள்ளது. தாழ்வான கொள்ளிடத்தில் நீர் மிகுதியாகப் பாய்ந்து காவிரி வறண்டதைத் தடுக்க, 1836-38ஆம் ஆண்டுகளில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். தென்கரையில் உய்யக்கொண்டான் வாய்க்காலின் தலைப்பு பேட்டைவாய்த்தலையில் உள்ளது. ஊர்ப்பெயரே வாய்க்காலின் தொடக்கத்தைச் சுட்டுகிறது. கரும்பு விளையும் அவ்வூரில் சர்க்கரை ஆலையும், நெல் விளையும் வடகரையின் மணச்சநல்லூரில் அரிசி ஆலைகளும் அமைந்தன.

உலக்கையிலிருந்து பொறிக்கு

ஆலைகளுக்கு முன்னர் நெல் குத்துதல் பெண்களின் தொழிலாக இருந்தது. நிலமற்ற குடும்பப் பெண்கள் அதனைக் கூலிக்கும் செய்தனர். தவிடும் குருணையும் உமியும் ஊருக்குள்ளேயே பயன்பட்டன. ஆலையில் நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் உலர்த்தி, பின்னரே அரைக்கின்றனர். பொறி முதலில் கைப்பற்றியது உமி நீக்கும் பணியை மட்டுமே; களத்தில் நெல்லைக் கிளறி உலர்த்தும் பணி நெடுங்காலம் மனித உழைப்பாகவே நீடித்தது. ஆயினும் உலக்கையால் ஈட்டிய கூலி இல்லாதொழிந்தது. உமி ஆலையின் எரிபொருளாகவும் தவிடு விற்பனைப் பொருளாகவும் மாறின.

இவ்விழப்பு நாடு முழுவதும் உணரப்பட்டதாகும். 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் வழியே காந்தியடிகளும் ஜே.சி. குமரப்பாவும் கைக்குத்தல் அரிசியை வலியுறுத்தினர். சத்து குறையாமை, வேலைவாய்ப்பு ஆகிய இரண்டும் அவர்தம் காரணங்களாகும். 1958ஆம் ஆண்டின் அரிசி ஆலைத்தொழில் ஒழுங்குமுறைச் சட்டம், புதிய ஆலையால் அவ்வட்டாரத்தில் வேலையின்மை பெருகுமா என்பதையும் கருதிய பின்னரே அனுமதி வழங்க வேண்டும் என்றது. அச்சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. அதற்குள் உலக்கை பெரிதும் வழக்கொழிந்துவிட்டது.

மேட்டுநிலத் தொழில்கள்

நாகப்பட்டினத்திலிருந்து இருப்புப்பாதை 1862இல் திருச்சிராப்பள்ளியை அடைந்தது. 1920களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்து இரயில்வே பணிமனை பொன்மலைக்கு மாற்றப்பட்டது. பின்னர்ச் செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் உதவியுடன் 1965இல் கொதிகலன் தொழிற்சாலையும், 1966இல் படைக்கலத் தொழிற்சாலையும் தோன்றின. இவற்றுக்கு வேண்டிய மூலப்பொருள் ஆற்று வண்டலில் விளைவதன்று. இவை நகரின் தென்கிழக்கே மேட்டுநிலத்தில் அமைந்தன. சிற்றூர் இளைஞர் பலருக்கு இவை மாதச் சம்பளத்தையும் தொழிற்சங்க அனுபவத்தையும் வழங்கின.

இவற்றுள் கொதிகலன் தொழிற்சாலையைச் சூழ்ந்து, இரும்புக் கட்டமைப்புகளைச் செய்துதரும் சிறுதொழிற்கூடங்கள் பெருகின. அவை பெரும்பாலும் அவ்வொரு நிறுவனத்தின் கொள்முதலையே நம்பியிருந்தமையால், அது குறைந்தபோது நலிந்தன. மேட்டூர் நீரை எதிர்நோக்கும் உழவரின் நிலைக்கு இஃது ஒப்பாகும்.

முடிவுரை

இவ்வட்டாரத்தில் வாய்க்கால் வழி வந்த தொழில்கள், இருப்புப்பாதை வழி வந்த தொழில்கள் என இருவகை உள்ளன. பின்னதற்கு ஆண்டறிக்கைகளும் கல்வெட்டுகளும் சான்றாக நிற்கின்றன. முன்னதற்கோ ஆலைகளின் கணக்கேடுகளும், களத்தில் உழைத்த முதிய பெண்களின் நினைவுகளுமே முதன்மைச் சான்றுகளாகும். அவை மறையும் முன் வாய்மொழி வரலாறாகப் பதிவு செய்தல் வட்டார வரலாற்று ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும்.